ஜேன் ஆஸ்டின் நாவல் எங்கள் கரையில் படமானபோது

ஜேன் ஆஸ்டினின் ‘பெர்சுவேஷன்’ நாவலைத் தமிழில் படமாக எடுக்கலாம் என்று நண்பர் சொன்னதுமே, கதையை ராமநாதபுரம் கரையில்தான் வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. நான் மண்டபம் பக்கத்துக்காரன். நண்பர் இயக்குநர், சென்னைவாசி. திரைக்கதை என் பொறுப்பு. சின்ன பட்ஜெட் படம்தான். இப்போது டப்பிங் நடக்கிறது. பழைய காதல் நாவல் ஒன்றை நம் ஊருக்குக் கொண்டுவந்து படமாக்க நினைப்பவர்களுக்கு எங்கள் அனுபவம் கொஞ்சமாவது உதவும் என்று இதை எழுதுகிறேன்.

நாவலைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆன் எலியட் 19 வயதில் வென்ட்வொர்த் என்ற கடற்படை இளைஞனை விரும்புகிறாள். அவனிடம் பணமில்லை, சொல்லிக்கொள்ளும்படி குடும்பப் பின்னணியும் இல்லை. இறந்துபோன அம்மாவின் இடத்தில் இருந்து அவளைக் கவனித்துக்கொள்ளும் லேடி ரஸ்ஸல், இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று எடுத்துச் சொல்கிறார். ஆன் கேட்டுக்கொள்கிறாள். அவன் மனம் வெறுத்துக் கடலுக்குப் போகிறான். எட்டு வருடம் கழித்துக் கேப்டனாக, கையில் பணத்தோடு திரும்புகிறான். அதற்குள் அவள் அப்பா கடனாளியாகி, சொந்த வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார். அந்த வீட்டுக்குக் குடிவந்திருப்பது அவனுடைய அக்காவும் அத்தானும். நாவல் 1817 டிசம்பரில், ஆஸ்டின் இறந்து ஐந்து மாதம் கழித்து வெளிவந்தது. இருநூறு வருடம் தாண்டியும் நிற்கிறது.

ஆஸ்டின் தமிழ் சினிமாவுக்குப் புதியவர் இல்லை. அவருடைய வேறொரு நாவலின் கதைதான் 2000-இல் ராஜீவ் மேனனின் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ ஆனது. ஆனால் ‘பெர்சுவேஷன்’ கொஞ்சம் முரண்டு பிடிக்கிற நாவல். கதாநாயகி பெரும்பாலும் பேச மாட்டாள். கேட்டுக்கொண்டே இருப்பாள். அவள் மனசுக்குள் நடப்பதுதான் கதை.

நாவலில் நடக்கும் சம்பவங்களைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நம் ஊரில் ஒரு பதிலைத் தேடினால் படம் வேஷம் போட்டதுபோல ஆகிவிடும். நாங்கள் வேறு வழியில் போனோம். நாவலில் 24 அத்தியாயங்கள். அத்தியாயத்துக்கு ஓர் அட்டை. என்ன நடக்கிறது என்று அதில் எழுதவில்லை. இந்த அத்தியாயம் முடியும்போது யாருக்கு என்ன புதிதாகத் தெரிந்திருக்கிறது, யார் மனம் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று மட்டும் எழுதினோம். சம்பவத்தை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். கதையில் அது செய்கிற வேலையை மாற்றக்கூடாது. எங்களுக்குள் எந்தச் சண்டை வந்தாலும் இந்த இடத்தில் வந்துதான் தீர்ந்தது.

முதல் சண்டை, நாயகன் எப்படிப் பணக்காரன் ஆனான் என்பதில். நாவலில் அது நெப்போலியன் போர்க்காலம். எதிரிக் கப்பலைப் பிடித்தால் அதன் மதிப்பில் கேப்டனுக்குப் பங்கு உண்டு. வென்ட்வொர்த் அப்படித்தான் 25,000 பவுண்டு சேர்க்கிறான். எங்கள் கரையில் கூலிக்குக் கடலுக்குப் போன ஒரு பையன் எட்டு வருடத்தில் எப்படி நிமிர முடியும்? கடத்தல் என்று வைத்தால் விறுவிறுப்பாக இருக்கும் என்றார்கள். கடல் அட்டை பிடிக்க 2001-இலிருந்து தடை இருக்கிறது, அதை வைத்துக் கதை பின்னலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. நான் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. வென்ட்வொர்த்தின் பணம் நேர்மையான பணம். அவன் திறமையை நம்பாத ஊர் எதிரில், திறமையால் மட்டுமே மேலே வந்தவன் அவன். அந்தப் பணத்தில் கறை படிந்தால், ‘வேண்டாம்’ என்று சொன்ன டீச்சர் (எங்கள் படத்தின் லேடி ரஸ்ஸல்) சொன்னது சரி என்று ஆகிவிடும். கதையே கவிழ்ந்துவிடும்.

எங்களுக்குக் கைகொடுத்தது கப்பல் வேலை. ப்ளஸ் டூ முடித்துவிட்டு நாயகியின் அப்பாவுடைய விசைப்படகில் கூலிக்குப் போகிறவன் கதிரேசன். நாட்டிகல் சயின்ஸ் டிப்ளமோ ஒரு வருடம், பிறகு கேடட்டாகப் 18 மாதம் கடலில், அப்புறம் செகண்ட் மேட் தேர்வு, மூன்றாம் அதிகாரி, அங்கிருந்து படிப்படியாக மேலே. எட்டு வருடத்துக்குள் சீஃப் ஆபீசர் ஆவது கடினம், ஆனால் நடக்கிற காரியம்தான். படிப்புக்கு லட்சக்கணக்கில் பணம் வேண்டும். அவன் அக்கா நகையை அடகு வைக்கிறாள். நாவலில் இந்த அடகு கிடையாது. ஆனால் தம்பிமேல் அக்காவுக்கு உள்ள பாசம் இந்த ஒரு காரியத்தில் தெரிந்துவிடுகிறது. அதற்காகத் தனியாக ஒரு காட்சி எழுத வேண்டியிருக்கவில்லை. அக்காவின் கணவர் நாவலில் அட்மிரல் கிராஃப்ட். எங்களுக்கு மண்டபத்திலேயே கடலோரக் காவல்படை நிலையம் இருக்கிறது. அதில் இருந்து ஓய்வு பெற்று, இந்தக் கடலை விட்டுப் போக மனமில்லாமல் இங்கேயே வீடு தேடுகிற மனிதராக வைத்தோம். எங்கள் பக்கம் வாழ்ந்தவர்களுக்கு அப்படிப்பட்ட ஆட்களை நன்றாகத் தெரியும்.

நாயகியின் அப்பா சம்மாட்டி. எங்கள் கரையில் படகு வைத்து ஆள் வைத்துத் தொழில் செய்கிறவரை அப்படித்தான் சொல்வோம். தாத்தா காலத்தில் தோணி வைத்திருந்த குடும்பம். அந்தப் பெருமையிலேயே கடன் வாங்கிக் கடன் வாங்கிக் கோயில் கொடைக்கும் விருந்துக்கும் செலவழித்தவர். இங்கே இயக்குநர் ஒரு திருத்தம் சொன்னார். இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது, அதனால் நொடித்தார் என்று வைக்கலாமே, அது உண்மையும்கூட என்றார். உண்மைதான். எங்கள் ஊரில் அப்படி நொடித்த வீடுகள் இருக்கின்றன. அதனால்தான் வேண்டாம் என்றேன். நாவலில் அந்த அப்பா தன் வீண்பெருமையால் விழுகிறார். படகு பறிபோய் விழுந்தவர் என்றால் அவர் பரிதாபத்துக்கு உரியவர். மகளின் காதலை மதிக்காத ஆளாக அவரைப் பார்க்கவே முடியாது. தவிர, அந்தத் துயரத்தை ஒரு காதல் கதையின் ஓரத்தில் சாத்தி வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்கென்று தனிப் படம் வேண்டும்.

சாதியைத் தடையாக வைக்கலாமா என்ற கேள்வியும் வந்தது. நாவலில் தடை அந்தஸ்தும் பணமும். நம் மண்ணில் சாதியை வைத்தால், ஒரு டீச்சர் அன்பாகப் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துச் சொல்லி அந்தப் பெண் மனம் மாறுகிற கதையாக அது இருக்காது. உயிர் பயம் வந்துவிடும். எட்டு வருடம் கழித்து அவன் அதே ஊருக்குள் சாதாரணமாக நடந்து வர முடியுமா? ஆகவே இரண்டு குடும்பமும் ஒரே சமூகம், ஒரே தெரு. ஒருவர் படகுக்குச் சொந்தக்காரர், இன்னொருவர் அந்தப் படகில் கூலி. எங்கள் கரையில் அந்த இடைவெளியே போதுமான அளவு பெரியது.

அதிகம் யோசிக்க வைத்தது உறவுமுறை. வெளிநாட்டு நாவலைத் தழுவுகிற எவரும் முதலில் உட்கார்ந்து உறவுகளைத்தான் சரிபார்க்க வேண்டும். நாவலில் ஆன் எலியட்டை மணக்க நினைக்கும் மிஸ்டர் எலியட் அவளுடைய அப்பாவழிச் சொந்தம், அதே குடும்பப் பெயர் கொண்டவர், சொத்துக்கு வாரிசு. நம் முறைப்படி அவர் பங்காளி. அதாவது அவளுக்கு அண்ணன் முறை. படம் பார்க்கிறவர்கள் அந்த இடத்திலேயே எழுந்து போய்விடுவார்கள். சரி, அத்தை மகன் ஆக்கலாம் என்றால் வாரிசு விஷயம் அடிபடுகிறது. ஆண் வாரிசுக்குத்தான் சொத்து என்ற ஏற்பாடு இங்கே சட்டப்படி இல்லை. தமிழ்நாட்டில் 1989-லேயே இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்திப் பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் சம பங்கு கொடுத்தாயிற்று. 2005-இல் நாடு முழுக்க வந்தது.

இதையே திருப்பிப் போட்டோம். பெண்ணுக்குப் பங்கு இருப்பதால்தான் அத்தை மகன் வருகிறான். கடலைப் பார்த்த அந்தப் பழைய வீட்டு மனையில் ரிசார்ட் கட்ட அவனுக்கு ஆசை. மாமாவின் கடனை ஒவ்வொன்றாக அவன் பேருக்கு மாற்றிக்கொண்டிருக்கிறான். நாவலில் அவனுடைய உள்நோக்கத்தைச் சொல்வது மிஸஸ் ஸ்மித் என்ற பழைய தோழி, அவள் வாயாலேயே நீளமாகச் சொல்கிறாள். படத்தில் ஒருவர் உட்கார்ந்து இன்னொருவரின் பூர்வ கதையைச் சொன்னால் தியேட்டரில் கைபேசி வெளிச்சம் தெரிய ஆரம்பித்துவிடும். மிஸஸ் ஸ்மித்தை எடுத்துவிட்டு அந்த வேலையை ஒரு வில்லங்கச் சான்றிதழுக்குக் கொடுத்தோம். எங்கள் நாயகி அமுதாதான் வீட்டுக் கணக்கு பார்க்கிறவள். அவள் வில்லங்கம் போட்டுப் பார்க்கிறாள், அடமானப் பதிவில் அவன் பெயர் இருக்கிறது. வசனமே வேண்டியிருக்கவில்லை.

தங்கைக்கு முன்னால் கல்யாணம் ஆனது எப்படி என்பதும் நம் ஊரில் பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வி. நாவலில் அக்காமார் இருவர் கல்யாணமாகாமல் இருக்க, கடைக்குட்டி மேரிக்கு மட்டும் கல்யாணம் ஆகியிருக்கிறது. மேரியின் கணவன் முதலில் ஆன் எலியட்டைத்தான் கேட்டான், அவள் மறுத்துவிட்டாள் என்பது நாவலில் ஓரிரு வரியில் வந்து போகும். இங்கே அதுதான் பெரிய விஷயம். அமுதாவைப் பெண் பார்க்க வருகிறார்கள், அவள் வேண்டாம் என்கிறாள், வந்தவர்கள் தங்கையைக் கேட்கிறார்கள். தெருவுக்கே தெரிந்த அந்த ஒரு மறுப்பு, எட்டு வருடமாக அவள் மனசில் யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறது. மூத்த அக்கா எலிசபெத்தை எடுத்துவிட்டோம். அதனால் அமுதாவே மூத்தவள். தங்கை மகன் அவளைப் பெரியம்மா என்று கூப்பிடுகிறான். 27 வயதுப் பெண்ணை ஒரு குழந்தை எல்லார் முன்னாலும் ‘பெரியம்மா’ என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடிவருவதும், அந்த நேரம் பார்த்துக் கதிரேசன் வாசலில் நிற்பதும், நாங்கள் நினைத்ததைவிட ஆழமாகப் பதிந்த காட்சி.

வயதையும் நாங்கள் மாற்றவில்லை. சென்னையில் கதையை வைத்திருந்தால் 27 என்பது ஒரு வயதே இல்லை. எங்கள் கரையில் 27 வயதில் கல்யாணமாகாத பெண்ணைப் பற்றித் தெருக்குழாயடியில் பேசாத நாளில்லை. ஆஸ்டின் எழுதிய ஊரும் எங்கள் ஊரும் இந்த விஷயத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர்.

இனி மௌனம். அமுதா மனசில் நினைப்பதைப் பின்னணிக் குரலாக வைக்கலாம் என்ற யோசனை பலமாக இருந்தது. நாவலின் அழகான வரிகளை விட மனசு வராதுதான். ஆனால் அவள் நினைப்பதை அவளே நம்மிடம் சொல்லிவிட்டால் அவளுக்கு ஒரு துணை கிடைத்துவிடுகிறது. இந்தக் கதையில் அவளுக்குத் துணையே கிடையாது. ஆகவே அவளுக்குக் கை நிறைய வேலை கொடுத்தோம். மீன் ஏலக் கணக்கு, வட்டிக் கணக்கு, தங்கை பிள்ளைக்குச் சோறு, அப்பாவுக்கு வேட்டி. காதில் விழக்கூடாதது விழும்போது கை ஒரு நொடி நிற்கும், திரும்ப ஓடும். நடிகையிடம் இயக்குநர் சொன்னது அவ்வளவுதான். முகத்தில் ஒன்றும் காட்ட வேண்டாம், கையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

நாவலில் அவள் ஒட்டுக்கேட்கும்படி ஆகிற இடம் ஒரு செடி வேலி. எங்களுக்குப் பனையோலை வேலி. ஓலை வேலிக்குப் பின்னால் நின்றால் பேச்சு முழுக்கக் கேட்கும், முகம் துண்டு துண்டாகத் தெரியும். ஒளிப்பதிவாளர் அதை வைத்தே அந்தக் காட்சி முழுவதையும் எடுத்தார். நடனக் காட்சிக்குப் பதில் கரைவலை. நாவலில் மற்றவர்கள் ஆட, ஆன் பியானோ வாசிப்பாள். தனக்கு இனி ஆட்டமில்லை என்று ஒதுங்கிய பெண். எங்கள் படத்தில் பெரியவர்கள் அம்பா பாட்டுப் பாடிக் கரைவலை இழுக்கிறார்கள். இஸ்திரி போட்ட சட்டையோடு நிற்கும் கதிரேசனை ஒரு கிழவர் கூப்பிடுகிறார். அவன் கயிற்றைப் பிடித்ததும் கால் தானாக மணலில் ஊன்றுகிறது, எதிர்ப்பாட்டு தானாக வருகிறது. அவள் கூடையோடு ஒதுங்கி நிற்கிறாள். தயாரிப்பாளர் பாட்டு வேண்டும் என்று கேட்டதற்கும் இதுவே பதிலாக அமைந்தது. கிராமத்துப் பெரியவர்களையே பாட வைத்து அங்கேயே பதிவு செய்தோம்.

தொடுகைக்கும் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம். மறுபடி சந்தித்த பிறகு அவன் அவளுக்கு உதவியாக வருகிற இடம் நாவலின் முதல் பாதியில் இரண்டுதான். தரையில் மண்டியிட்டுக் காயம்பட்ட குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இன்னொரு வாண்டு அவள் முதுகில் ஏறித் தொங்குவான். பின்னாலிருந்து யாரோ அவனைத் தூக்கிவிடுவார்கள். வென்ட்வொர்த். ஒரு வார்த்தை பேச மாட்டான். இந்தக் காட்சியை எங்கள் ஊர்த் திண்ணைக்கு அப்படியே மாற்றிக்கொள்ள முடிந்தது, ஓர் எழுத்துகூட மாற்றவில்லை. இன்னொன்று, நடந்து களைத்தவளை அவன் அக்காவின் வண்டியில் ஏற்றிவிடுவது. எங்களுக்கு அக்காவின் கார். அவன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறான், அவ்வளவுதான். காதல் காட்சிகளுக்கு ஆசைப்பட்டு இடையில் இன்னும் நாலு சந்திப்பைச் சேர்த்திருந்தால் இந்த இரண்டும் செத்திருக்கும்.

லூயிசா என்ற பெண் லைம் துறைமுகத்தின் காப் என்னும் கல் அணைக்கட்டுப் படியிலிருந்து குதித்து விழுகிற காட்சிதான் நாவலின் நடு முடிச்சு. எங்கள் கரையில் அதற்குத் தூண்டில் வளைவு இருக்கிறது. அலையை அடக்கக் கடலுக்குள் வளைத்துப் போட்ட பாறாங்கற்கள். ரீல்ஸ் எடுக்கக் குதிக்கிறாள் என்று வைத்தோம். எல்லார் கையிலும் போன் இருக்கிறது, ஒருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. தலையைத் தூக்காதே, 108-க்குப் போடு, நிழல் பிடி என்று அமுதா ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை சொல்கிறாள். எட்டு வருடமாகச் சத்தம் எழுப்பாத பெண்ணின் குரல் முதல் தடவையாக உயர்கிறது. கதிரேசன் அவளை நிமிர்ந்து பார்ப்பதும் அங்கேதான்.

இந்தக் காட்சியை எடுக்கப் போகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். அந்தக் கல்லில் பாசி வழுக்கும், ஒட்டியிருக்கும் சிப்பி காலைக் கிழிக்கும். குதிப்பதைத் தனியாக, விழுவதைத் தனியாக, கிடப்பதைத் தனியாக எடுத்தோம். உயரத்திலிருந்து விழுகிற ஷாட் கிடையவே கிடையாது. சத்தமும் மற்றவர்கள் முகமும்தான். கல்லின் இரண்டு பக்கமும் தண்ணீரில் உள்ளூர் முக்குளிக்கிறவர்கள் நின்றார்கள்.

கடலைப் பற்றி வெளியூர் யூனிட்டுகளுக்குத் தெரியாத ஒன்று: எங்களுக்கு இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. தனுஷ்கோடிப் பக்கம் பெண்கடல், ஆண்கடல் என்பார்கள். தென்மேற்குக் காற்று காலத்தில் தெற்குக் கடல் கொந்தளிக்கும், வடக்கே குளம்போலக் கிடக்கும். வடகிழக்குப் பருவத்தில் நிலைமை தலைகீழ். சில மைல் நகர்ந்தால் ஒரே நாளில் இரண்டு விதமான கடலும் கிடைக்கும். பழைய நாட்களின் காட்சிகளை வடக்குக் கடலிலும் அவன் திரும்பி வந்த பிறகு வருபவற்றைத் தெற்குக் கடலிலும் எடுத்தோம். ஒரே காட்சியை இரண்டு கரையில் எடுத்து ஒட்ட மட்டும் நினைக்காதீர்கள், தண்ணீரின் நிறம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகு வரிசையாகக் கட்டிக்கிடக்கிற காட்சி வேண்டுமென்றால் அதுதான் நேரம். படகுக்காரர்களும் ஊரில் இருப்பார்கள். கடலுக்குப் புறப்படுகிற பரபரப்பு வேண்டுமென்றால் அந்த மாதங்களில் கிடைக்காது. மற்ற நாளிலும் விசைப்படகு போகிற நாள், நாட்டுப்படகு போகிற நாள் என்று முறை இருக்கிறது. டோக்கன் வாங்கித்தான் போவார்கள். அவர்கள் சங்கத்தில் முதலில் பேசிவிட்டுத் தேதி குறியுங்கள். நம் படப்பிடிப்புக்காக ஒரு படகின் தொழில் நாள் கெடக்கூடாது, கெட்டால் அதற்கு உரிய கூலியைக் கொடுத்துவிட வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருப்பதால் ட்ரோன் ஷாட்டை நம்பித் திரைக்கதை எழுத வேண்டாம்.

காற்று வசனத்தைத் தின்றுவிடும். மைக்குக்கு எவ்வளவு ரோமக் கவசம் போட்டாலும் திறந்த கரையில் நேரடி ஒலி கஷ்டம். மெல்லப் பேசுகிற காட்சிகளையெல்லாம் சுவர், வேலி, படகு மறைப்பு என்று காற்று விழாத இடத்துக்கு எழுத்திலேயே மாற்றிவிட்டேன். மறைவில் நின்று பேசுவது கதைக்கும் பொருந்தியது.

இனி கடிதம். நாவலின் உயிர் அதுதான். ஒரு விடுதி அறையில் வென்ட்வொர்த் ஏதோ கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் ஆன், அவன் நண்பன் ஹார்விலோடு பேசுகிறாள். நம்பிக்கை போன பிறகும் விடாமல் நேசிப்பது பெண்கள்தான் என்கிறாள். அவன் காதில் அது விழுகிறது, அந்த நிமிஷமே அவளுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போகிறான். ஆஸ்டின் முதலில் இப்படி எழுதவில்லை. அட்மிரல் வீட்டில் இருவரும் தனியாகச் சந்திக்க, எல்லாம் சட்டென்று தீர்ந்துவிடுகிற மாதிரி எழுதியிருந்தார். 1816-இல் அதைத் தள்ளிவிட்டு மறுபடி எழுதினார். தள்ளிய அத்தியாயங்களின் கையெழுத்துப் படி பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது, அச்சிலும் படிக்கக் கிடைக்கிறது. திரைக்கதை எழுதுகிறவர்கள் இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்க வேண்டும். முதல் வடிவத்தில் அவள் முடிவுக்காகக் காத்திருக்கிறாள். இரண்டாவதில் அவள் பேசியதால்தான் அவன் எழுதுகிறான். எட்டு வருடத்துக்கு முன்னால் அவள் வாயால் முறிந்தது, அவள் வாயாலேயே கூடுகிறது.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுவார்கள்? வாட்ஸ்அப் செய்தி என்று வைத்துப் பார்த்தோம், ஒட்டவில்லை. கதையை முப்பது வருடம் பின்னால் கொண்டுபோகப் பணமில்லை. கூட்டமான இடம், வாய்விட்டுப் பேச முடியாத நிலை, கையில் பேனா, அவள் குரல் எட்டும் தூரம், எல்லாம் ஒன்றாக எங்கே இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பதில் எங்கள் ஊர்ப் பந்தலிலேயே இருந்தது. மொய் எழுதுகிற மேசை. தங்கை மகனின் காதணி விழா. ‘கப்பல்காரர், கணக்குச் சுத்தமா இருக்கும்’ என்று சொல்லிக் கதிரேசனை மொய் நோட்டோடு உட்கார வைத்துவிடுகிறார்கள். மேசைக்குப் பின்னால் பந்தக்கால் ஓரம் அமுதா அவனுடைய நண்பனிடம் பேசுகிறாள். நண்பனின் தங்கை இறந்துவிட்டாள். அவளைக் கட்டிக்கொள்ள இருந்தவன் அதற்குள் வேறு பெண் பார்த்துவிட்டான். ‘மறக்கிறதுக்கு உங்களுக்குக் கடல் இருக்கு, ஊர் ஊரா போறீங்க. நாங்க அதே வாசல்லதானே கோலம் போடுறோம்’ என்று அவள் சொல்கிறாள். அவன் பேனா நிற்கிறது. ‘பேரைச் சொன்னேனே தம்பி, எழுது’ என்று எதிரில் ஒருவர் அதட்டுகிறார்.

நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து எழுதி, மொய்க் கவரில் போட்டு, மேலே அவள் பெயரை எழுதிக் கவர்க் கட்டோடு வைத்துவிட்டு எழுந்து போகிறான். கணக்கு பார்க்கிறவள் அவள்தானே, கட்டு அவள் கைக்குத்தான் வரும். நாவலின் கடிதம் நீளமானது, புகழ்பெற்றது. நான் ஆறு வரிதான் எழுதினேன். ‘நீ பேசுறது எனக்குக் கேக்குது. எட்டு வருஷமும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்’ என்று தொடங்கும். அவளே படிக்கிறாள், அவன் குரல் வராது.

உரிமை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 வருடம் வரை நூலுக்குக் காப்புரிமை உண்டு. ஆஸ்டினுக்கு அது எப்போதோ முடிந்துவிட்டது, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் புதிய தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்றிலிருந்து வசனம் எடுத்தால் மொழிபெயர்ப்பாளருக்கு உரிமை உண்டு. வேறு படத்தில் சேர்த்த காட்சியை எடுத்தால் அவர்களுக்கு உரிமை உண்டு. மூல நூலை மட்டும் வைத்து வேலை செய்யுங்கள். காப்புரிமை உள்ள தமிழ் நாவல் என்றால் எழுத்தில் ஒப்பந்தம் கட்டாயம். காலம் குறிப்பிடாவிட்டால் அது ஐந்து வருடம் என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். சின்னப் படங்கள் முடிய வருடங்கள் ஆகும் என்பதால் இரண்டையும் மறக்காமல் எழுதி வாங்குங்கள்.

கடைசிவரை விவாதத்தில் இருந்தது டீச்சர்தான், எங்கள் லேடி ரஸ்ஸல். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, அமுதாவின் அம்மாவுக்கு உயிர்த்தோழி. தமிழ்ப் படம் என்றால் காதலைப் பிரித்தவர் வில்லி ஆகிவிட வேண்டும் என்ற அழுத்தம் தானாக வருகிறது. திரைக்கதையை ஊரில் பெண்களுக்கு வாசித்துக் காட்டினேன். என் அத்தை உட்பட எல்லாரும் டீச்சர் பக்கம் பேசினார்கள். ‘பத்தொன்பது வயசுப் பிள்ளைய, அம்மா இல்லாதத, கடலுக்குப் போற பையனுக்கு எதை நம்பிக் குடுக்கச் சொல்றே?’ என்று அத்தை என்னையே கேட்டார். கடலில் ஆளைப் பறிகொடுத்த வீட்டில் இருந்து வந்த கேள்வி அது. அதற்குப் பிறகு டீச்சரின் காட்சிகளைத் திருத்தி, அத்தை கேட்டதை ஏறக்குறைய அப்படியே டீச்சரின் வசனமாக வைத்தேன்.

நாவலின் முடிவில் ஆன் இதைப் பற்றிப் பேசுகிறாள். அன்று அவர் பேச்சைக் கேட்டது சரிதான், ஆனால் அதே நிலைமையில் இன்னொருத்திக்கு நான் அந்த யோசனையைச் சொல்ல மாட்டேன் என்பாள். எங்கள் முதல் படியில் டீச்சர் அமுதாவிடம் மன்னிப்புக் கேட்கும் காட்சி இருந்தது. படமும் பிடித்தோம், நடித்த அம்மா அருமையாகச் செய்தார். எடிட்டிங்கில் அதை எடுத்துவிட்டு, டீச்சர் வீட்டுக்குக் கதிரேசனே போய்ப் பத்திரிகை வைக்கும் காட்சியை மட்டும் வைத்திருக்கிறோம். ‘உள்ளே வா’ என்கிறார் டீச்சர். அவன் செருப்பைக் கழற்றுகிறான்.